எழுதிக்கொள்ளாத பதில்

கோர்ட்டில் டைப் அடித்துப் பிழைத்தவனுக்கு மௌனம் ஒரு தொல்லை. காகிதத்தில் அதை அடிக்க மெஷினில் எழுத்து கிடையாது. கூண்டில் ஏறுகிற சாட்சிகளில் பாதிப் பேர் வாயைத் திறக்க மாட்டார்கள், தலையை மட்டும் ஆட்டுவார்கள். "அன்னிக்குக் காலைல நீங்க கழனிக்குப் போனீங்க, சரிதானே?" என்று வக்கீல் கேட்பார். சாட்சி தலையை அசைப்பார். நான் "ஆமாம்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடிப்பேன். வாய் சொன்னால்தான் எனக்கு விரல் ஓடும். சக ஊழியர்கள் கேலி செய்வார்கள், சாட்சிக்குக் கொடுக்கிற படிப்பணத்தைக்கூட இவனுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று.

குறுக்கு விசாரணையைப் பதிவு செய்வதில் இன்னொரு வழக்கம் உண்டு. கேள்வி காகிதத்தில் வராது. 'அன்று காலை நான் கழனிக்குப் போனேன் என்று சொன்னால் சரிதான்' என்று வரும். முழு வாக்கியமும் சாட்சியே சொன்னது போல இருக்கும். நடந்தது என்னவென்றால், வக்கீல் சொன்னார், சாட்சி தலையாட்டினார், நான் ஆமாம் என்றேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததற்கெல்லாம் இந்தப் பழக்கம்தான் காரணம்.

மாவட்டம் புதிதாகப் பிரிந்த வருஷம் என்னை வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்கு மாற்றினார்கள். அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டிருந்தார்கள். நானும் தங்கையும்தான். எனக்கு முப்பத்தொன்று, அவளுக்கு இருபத்துநாலு. செங்கம் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் மாடி வீடு கிடைத்தது. கீழே தையல்கடை வைத்திருந்த ஒரு பாய் குடும்பம். மாடியிலேயே பக்கத்து அறையில் ஒரு வெள்ளைக்காரர் வாடகைக்கு இருந்தார். விசா நீட்டிப்புக்கு நான்தான் அவருக்கு விண்ணப்பம் அடித்துக் கொடுத்தேன். நீட்டிப்பு கிடைக்கவில்லை. போகும்போது தலையணை கனத்துக்கு ஒரு இங்கிலீஷ் புத்தகத்தை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

பிரித்துப் பார்த்தால், இரண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்தைய கிரேக்க உரையாடல்கள். ஒரு வயசாளி ஊருக்குள் அகப்பட்டவர்களை எல்லாம் நிறுத்தி, தைரியம் என்றால் என்ன, நட்பு என்றால் என்ன என்று கேட்கிறார். அவர்கள் தெரியும் என்று ஆரம்பித்துத் தெரியாது என்று முடிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பாக வந்தது. வாரம் ஆறு நாள் கேட்கிற குறுக்கு விசாரணை போதாதென்று ஞாயிற்றுக்கிழமையும் வீடு தேடி வந்துவிட்டதே என்று நினைத்தேன். ஆனாலும் விடமுடியவில்லை. என் இங்கிலீஷ் தேறட்டும் என்று தமிழில் மாற்றி மாற்றி அடிக்க ஆரம்பித்தேன்.

அடித்ததை ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு வாசித்துப் பார்ப்போம். அந்த நேரத்தில் சந்தில் ஓர் ஈ காக்கை இருக்காது. ஜன்னலுக்கு வெளியே மலை மட்டும் இருக்கும். அந்த மலையை எல்லோரும் அமைதி என்பார்கள். எனக்கென்னவோ மதிய வெயிலில் அது, நாம் பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்கிற மாதிரிதான் இருக்கும். நான் கேள்வி கேட்பவர், தங்கை பதில் சொல்பவர். நான் டேப் ரெக்கார்டரை மடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருவேன். மொழிபெயர்ப்பு காதுக்கு எப்படி இருக்கிறது என்று பிறகு போட்டுக் கேட்கத்தான் அந்த ஏற்பாடு. அவள் எட்டத்தில் ஜன்னலோரம் உட்காருவாள். காற்றில்லாமல் அவளால் இருக்க முடியாது.

அந்த உரையாடல்களை வழக்கு மாதிரித்தான் நான் வாசித்தேன். வயசாளி வக்கீல், எதிரே இருப்பவன் சாட்சி, கடைசியில் ஜெயிப்பது யார் என்பதுதான் எனக்குக் கணக்கு. பதில்களை நான் மதிக்கவே இல்லை. பக்கத்துக்குப் பக்கம் 'ஆமாம்', 'அப்படித்தான்', 'வேறெப்படி இருக்கும்' என்று வருவதை எதற்கு முழுசாக அடிப்பானேன் என்று எல்லாவற்றையும் 'ஆ' என்று ஒற்றை எழுத்தாகச் சுருக்கிவிட்டேன். காகிதமும் மிச்சம், விரலும் மிச்சம்.

தங்கைக்கு அது பிடிக்கவில்லை.

"எல்லா ஆமாவும் ஒண்ணு இல்லண்ணா. மொதல்ல இவன் ஆசையா சொல்றான். இங்க பயந்துகினு சொல்றான். இந்த எடத்துல பாரு, எப்படா வுடுவேன்னு சொல்றான். நீ எல்லாத்தையும் 'ஆ'ன்னு போட்டா எனக்கு எப்படி படிக்கத் தெரியும்?"

"கேள்விலதான் விஷயமே இருக்கு. பதில்ல என்னா இருக்குது?" என்றேன்.

"கேள்வி அவுரு முன்னாடியே யோசிச்சு வெச்சது. பதில்தான் அன்னிக்கு நடந்தது."

எனக்குக் கோபம் வந்தது. பி.ஏ. படித்துவிட்டு நர்சரி பள்ளியில் பாட்டு சொல்லிக்கொடுக்கிறவள் எனக்குச் சாட்சியம் படிக்கச் சொல்லித்தருவதா என்று. ஆனால் அவள் சொன்னபடி மறுபடி அடித்தேன். இன்றைக்கு நினைத்தால், அந்தப் புத்தகத்தை வாசிக்கத் தெரிந்தது எங்கள் இருவரில் அவளுக்குத்தான்.

இன்னொரு நாள், ஓர் உரையாடலின் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். அதில் கதையைச் சொல்கிறவன் சம்பவ இடத்தில் இருந்தவன் இல்லை, இன்னொருவனிடம் கேட்டதைச் சொல்கிறான். "கோர்ட்டுல இது செல்லுமா?" என்றாள். செல்லாது, கேள்விப்பட்ட சாட்சியம் என்றேன். "அப்ப எதுக்கு வேலை மெனக்கெட்டு அப்படி எழுதி வெச்சிருக்காரு?" என்றாள். அதோடு விடவில்லை. இவ்வளவு பெரிய புத்தகத்தில் எழுதினவர் எங்கேயாவது தன் வாயால் பேசுகிறாரா என்று கேட்டாள். நான் தேடிப் பார்த்தேன். இல்லை. அபூர்வமாக அவர் பெயர் வருகிறது. அதிலும் ஓரிடத்தில், அன்றைக்கு அவர் வரவில்லை என்று சொல்வதற்காகத்தான் வருகிறது.

"கேள்வி கேக்குற பெரியவர் சொல்றதுதான் எழுதினவர் சொல்றது" என்று தீர்ப்புச் சொன்னேன்.

"அப்படின்னா நேரா எழுதியிருக்கலாமே. எதுக்கு இத்தினி பேரைப் பேச வுடணும்? அவுரு எங்கியோ கதவுக்குப் பின்னாடி நின்னுகினு, நாம யாரு பக்கம் சாயறோம்னு பாக்குறாரு."

அவள் அதைச் சொன்னபோது நான் அறியாமல் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பட்டப்பகல்தான். கதவு திறந்துதான் இருந்தது. அதற்குப் பிறகு, வாசிக்கும்போதெல்லாம் மூன்றாவதாக ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிற உணர்வு எனக்குப் போகவில்லை.

இரண்டாம் வருஷம் ஒரு வரன் வந்தது. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலேயே பூஜை சாமான் கடை. பின்னால் ஒரு ஏக்கர் பூந்தோட்டம். முதல் மனைவி தவறிவிட்டாள், பிள்ளை குட்டி இல்லை. நல்ல மனிதர், குரல் உயர்த்திப் பேசாதவர். தங்கைக்கு வேலூர் போய் பி.எட். படிக்க ஆசை. விண்ணப்பம் வாங்கிவந்து பூர்த்தி செய்து அலமாரியில் வைத்திருந்தாள். எனக்கு அது தெரியும். ஆனால் அவளைக் கரையேற்றாமல் நான் கண்ணை மூடிவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் என்னைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. அம்மா போனதிலிருந்து எனக்கு இருந்த ஒரே பயம் அதுதான்.

அந்த ஞாயிறு நாங்கள் வாசித்தது ஒரு விசித்திரமான பகுதி. வயசாளியோடு வாதாடிக்கொண்டிருந்தவன் ஒரு கட்டத்தில் வெறுத்துப்போய், இனி நான் பதில் சொல்லமாட்டேன், நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்கிறான். வயசாளி விடுவதாயில்லை. கேள்வியையும் அவரே கேட்டு, பதிலையும் அவரே சொல்லி வாதத்தை ஓட்டுகிறார். அதிலிருந்து தங்கைக்கு வாசிக்க வரியே இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு குரலையும் நானே வாசித்தேன்.

"இப்ப யாரு பதில் சொல்றது?" என்று நடுவில் கேட்டாள்.

"அவரேதான்."

"அப்ப ஒத்துக்கினது யாரு?"

காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, சூட்டோடு சூடாக வரன் விஷயத்தை எடுத்தேன். வயசாளியின் வழியிலேயே எடுத்தேன் என்பதுதான் அதில் எனக்கு ஏற்பட்ட பெருமை. ஒரு பெண் தனியாக இருப்பதைவிடத் துணையோடு இருப்பது நல்லதா இல்லையா? நல்ல குணம் உள்ளவனைத் துணையாகக் கொள்வது நல்லதா இல்லையா? இவருக்கு நல்ல குணம் உண்டா இல்லையா? படியேறுவது போல ஒவ்வொரு கேள்வியாக ஏறினேன். ஒவ்வொரு படிக்கும் அவள் ஆமாம் என்றாள். கடைசிப் படியில் கல்யாணம் நின்றது. 'ஆமா' என்ற அந்தச் சின்ன சொல் என் காதில் அப்படியே பதிந்திருந்தது. கல்யாணத்துக்கு வந்த உறவுக்காரர்களிடம் எல்லாம் சொன்னேன், "நான் கட்டாயப்படுத்தல. அவ வாயாலயே சொன்னா" என்று.

அவள் போன பிறகும் எனக்கு வாசிப்பை நிறுத்த மனம் வரவில்லை. ரெக்கார்டரையும் கேசட்டுகளையும் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டேன். ஞாயிறு மூன்று மணிக்கு காகிதத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு தனியாகப் படிப்பேன். நாலைந்து மாதம் போயிருக்கும். ஒரு நாள் மாடிப்படி இறங்கும்போது, கீழ்வீட்டு பாயின் மனைவி தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கினார்.

"தங்கச்சி வந்திருக்குதாண்ணா? வந்தா எங்கள எட்டிக்கூடப் பாக்காம போவுதே."

"இல்லியேம்மா, வரல."

"நேத்து மதியானம்கூட கொரல் கேட்டுச்சே. நீங்க கேக்குறீங்க, அது ஆமா ஆமான்னுது. போன வாரமும் கேட்டுச்சு."

"நான் படிச்சிகினு இருந்தேன்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பொம்பள கொரலுண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி மெஷினை மிதித்தார். மாடிக்குத் திரும்பிப் போய் ஜன்னலோரத்தைப் பார்த்தேன். அவள் உட்காருகிற இடத்தில் வெயில் விழுந்திருந்தது. வேறொன்றும் இல்லை. அதோடு சத்தமாக வாசிப்பதை விட்டேன். விட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்து அந்த அம்மா மறுபடி கேட்டார்.

கல்யாணமாகி இரண்டாம் வருஷம் தங்கை பேசுவதைக் கம்மி பண்ண ஆரம்பித்தாள். போனால் சிரிப்பாள், காபி கொடுப்பாள், கேட்டதற்குத் தலையாட்டுவாள். பிறகு அதுவும் குறைந்தது. ஒரு கட்டத்தில் முழுசாக நின்றுவிட்டது. வேலூரில் பெரிய டாக்டரிடம் காட்டினோம். தொண்டையில் கோளாறு இல்லை, காதில் கோளாறு இல்லை என்றார்கள். மாப்பிள்ளை பாவம், கோயில் கோயிலாக அழைத்துப் போனார். அவள் எல்லா இடத்துக்கும் கூடவே போனாள். சமைத்தாள், பூப்பறித்தாள், கடையில் உட்கார்ந்து மாலை கட்டினாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

வேறு ஊராக இருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள். இது திருவண்ணாமலை. இங்கே பேசாமல் இருப்பவருக்கு ஒரு மதிப்பு உண்டு. கிரிவலம் வருகிற கூட்டம் அந்த வருஷங்களில்தான் ஜாஸ்தியாகிக்கொண்டிருந்தது. கடையில் கற்பூரம் வாங்க வந்த யாரோ ஒரு அம்மாள், மகனுக்கு வேலை கிடைக்குமா என்று சும்மா புலம்பியிருக்கிறார். தங்கை நிமிர்ந்து பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். மகனுக்கு வேலை கிடைத்துவிட்டது. அடுத்த பௌர்ணமிக்கு அந்த அம்மாள் பத்துப் பேரோடு வந்தார். ஒரு வருஷத்துக்குள் அவளுக்கு மௌனத்தம்மா என்று பேர் வந்துவிட்டது. கடைக்குப் பக்கத்தில் பாய் விரித்து, மேலே தென்னங்கீற்றில் ஒரு பந்தல் போட்டார்கள். அவள் வழக்கம்போல மாலை கட்டிக்கொண்டிருப்பாள். ஜனங்கள் வரிசையாக வந்து எதிரே உட்கார்ந்து கேட்பார்கள்.

"நெலத்த வித்துடலாமா தாயே?"

அவள் நாரை இழுத்து முடிச்சுப் போடுவாள்.

"சரின்னுட்டாங்க" என்று கேட்டவரே சொல்லிக்கொண்டு எழுந்துபோவார்.

நானும் ஓரமாக நின்று பார்த்திருக்கிறேன். அவள் பூவைப் பார்த்தால் ஆமாம், மலையைப் பார்த்தால் பொறுத்திரு, இருமினால் கூடாது. இத்தனை பேரும் கேள்வி கேட்டுவிட்டு, அவளுடைய பதிலைத் தாங்களே சொல்லிக்கொண்டு, அவள் சொன்னதாக வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். பைத்தியக்கார ஜனங்கள் என்று மனசுக்குள் திட்டினேன். மனசுக்குள் மட்டுமில்லை, ஒருமுறை மாப்பிள்ளையிடம் சத்தமே போட்டேன். அவர் தரையைப் பார்த்தபடி, "அவளுக்குப் பிடிக்கலன்னா எழுந்து போயிருப்பாளே மச்சான்" என்றார். அதே மாதிரி ஒன்றை நானே எப்போதோ சொன்னது போல இருந்தது. எப்போது என்று அன்றைக்கு எனக்குப் பிடிபடவில்லை.

புது நூற்றாண்டு பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். வீட்டுக்காரர் மாடியை இடித்து விடுதி கட்டப் போவதாகச் சொன்னார். காலி பண்ணுவதற்காகப் பரணை ஒழித்தேன். ரெக்கார்டர் கிடைத்தது. கேசட்டுகளும் கிடைத்தன. அவள் குரலைக் கேட்டு எட்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கடைசி கேசட்டைத் துடைத்துப் போட்டேன்.

மதியம் மூன்று மணிதான். வேண்டுமென்று அந்த நேரத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை, வேலை அப்போதுதான் ஓய்ந்தது.

முதலில் கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு என் குரல், இளமையாக, கர்வமாக. அதற்குப் பதிலாக அவள் குரல். ஜன்னல் பக்கத்திலிருந்து, கூடத்தின் காற்றோடு கலந்து, சற்று எட்டத்தில் ஒலித்தது. "ஆமாம்." "அப்படித்தான் தோன்றுகிறது." "சரி, நீங்கள் சொல்வதால் சரி." ஒன்று போல ஒன்றை அவள் வாசிக்கவில்லை. ஒன்றில் சிரிப்பு இருந்தது, ஒன்றில் சலிப்பு, ஒன்றில் எரிச்சல். எதிராளி பின்வாங்கப் போகிறான் என்பது அவன் வாயை மூடுவதற்கு நாலு பக்கம் முன்பே அவள் குரலில் தெரிந்தது. அன்றைக்கு எதிரில் உட்கார்ந்திருந்த எனக்கு அது ஏன் கேட்கவில்லை?

பிறகு அவளுக்கு வரியில்லாத பக்கங்கள் வந்தன. நான் இரண்டு குரலில் வாசித்துக்கொண்டு போனேன். நடுவில் அவள் கேட்ட அந்த இரண்டு கேள்விகளும் ஒலித்தன. காகிதம் வைக்கும் சத்தம். ரெக்கார்டரை நிறுத்த மறந்திருக்கிறேன். "சரி, இப்ப உன் விஷயம்" என்றது என் குரல்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஒரு பொண்ணு தனியா இருக்கறதவிட தொணையோட இருக்கறது நல்லதா, இல்லியா?"

கொஞ்சம் மௌனம். டேப் சுற்றுகிற சத்தம். பிறகு, "ஆமா."

"தொணைன்னா நல்ல கொணம் இருக்கணும், சரிதானே?"

மௌனம். "ஆமா."

ஐந்தாவது கேள்வியிலோ ஆறாவது கேள்வியிலோ எனக்கு ஏதோ உறுத்தியது. வாசிக்கும்போது எட்டத்திலிருந்து வந்த குரல், இப்போது ஏன் கிட்டத்திலிருந்து வருகிறது? எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாளா? நடந்த சத்தம் இல்லையே. பின்னுக்கு ஓட்டி மறுபடி கேட்டேன். கேள்வி முடிகிறது. ஜன்னல் பக்கம் ஒன்றும் இல்லை. பிறகு அந்தச் சின்ன 'ஆமா', மெல்லிசாக, மிருதுவாக, என் மடிக்குப் பக்கத்திலிருந்து, கேள்வி வந்த அதே வாயிலிருந்து.

எத்தனை முறை ஓட்டிக் கேட்டேன் என்று தெரியாது. என் காதை நம்ப முடியாமல், ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன். பாயின் மனைவி மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். வாசிப்புப் பகுதியைப் போட்டதும், "அய்யோ, தங்கச்சி" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அடுத்த பகுதியைப் போட்டேன். நாலு கேள்வி, நாலு ஆமா ஓடியது. அவர் முகம் மாறியது.

"இதான், இதான் அப்ப கேட்ட கொரலு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், தாழ்ந்த குரலில், "ரெண்டும் நீங்கதானேண்ணா பேசுறீங்க?" என்றார்.

மேலே வந்து மிச்சத்தைக் கேட்டேன். கேட்டுத்தானே ஆகவேண்டும். ஏறக்குறைய நாற்பது கேள்வி. எல்லா ஆமாவும் என்னுடையது. அவள் தலையாட்டினாளா, ஆட்டவில்லையா, அதுகூட எனக்குத் தெரியாது. கூண்டில் இருப்பவர் சும்மா இருந்தால் என் வாய் சொல்லும், என் விரல் அடிக்கும். விரலுக்கு மெஷின் இல்லாத இடத்தில் மனசு அடித்து வைத்துக்கொண்டது. பத்து வருஷத்துக்கு மேலாக என் காதில் இருந்த அவளுடைய சம்மதம் என் சொந்தக் குரல்.

அந்தப் பகுதி முழுக்க அவள் பேசியது ஒரே ஒரு வாக்கியம். கடைசிக்குச் சற்று முன்னால், ஜன்னல் பக்கத்திலிருந்து, எட்டத்தில்:

"நான் இல்லன்னு சொன்னா, அதையும் எழுதிக்குவியாண்ணா?"

உடனே என் குரல், கோர்ட்டில் தினமும் கேட்கிற அதே தொனியில்: "கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. டேப் முடிந்து பொத்தான் எகிறுகிற வரைக்கும் நான்தான் பேசினேன்.

அந்த கிரேக்கப் புத்தகத்தை எப்படி வாசிப்பது என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்ல இப்போது ஒன்றுதான் இருக்கிறது. பதில் சொல்கிறவன் எங்கே பதிலை விட்டுவிட்டுக் கேள்வி கேட்கிறான் என்று பாருங்கள். அந்தக் கேள்விக்கு யாராவது பதில் சொன்னார்களா என்று பாருங்கள். சொல்லவில்லை என்றால், அதற்குப் பிறகு வருகிற சம்மதம் எதையும் நம்பாதீர்கள். வயசாளிகூட, எதிராளி பேசாதபோது, அவன் பங்கையும் நானே பேசுகிறேன் என்று எல்லோர் முன்னாலும் அறிவித்துவிட்டுத்தான் பேசினார். எழுதினவரும் அதை மறைக்காமல் எழுதி வைத்தார். எனக்கு அந்த யோக்கியதைகூட இல்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அடி அண்ணாமலைக்குப் பஸ் ஏறினேன். பௌர்ணமி இல்லை என்றாலும் காலையிலேயே பத்துப் பதினைந்து பேர் வரிசையில் இருந்தார்கள். மாப்பிள்ளை என்னை நேராக உள்ளே கூப்பிட்டார். வேண்டாம் என்று வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் பாயில் உட்கார்ந்தேன். அவளுக்கு முன்மயிர் நரைத்திருந்தது. சாமந்தியும் மருவும் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். என்னை அண்ணன் என்று பார்த்தாளா, அடுத்த ஆள் என்று பார்த்தாளா, தெரியவில்லை.

பஸ்ஸில் வரும்போதே கேள்விகளை யோசித்து வைத்திருந்தேன். 'நீ அன்னிக்கு ஒத்துக்கலதானே?' என்று ஒன்று. அதுவும் பதிலை உள்ளே வைத்துத் தைத்த கேள்விதான் என்று அவள் எதிரில் உட்கார்ந்ததும் புரிந்தது. எல்லாவற்றையும் விட்டேன்.

"எழுதிக்குவேன்" என்றேன். "நீ கேட்டியே. இல்லன்னு சொன்னாலும் எழுதிக்குவேன். அன்னிக்கு நீ என்னா சொல்ல நெனச்ச?"

நார் நடுவழியில் நின்றது. அவள் கை அசையவில்லை. நான் காத்திருந்தேன். எனக்குள் அந்தப் பழைய வியாதி எழும்பியது. நாக்கு தானாக மேலண்ணத்துக்குப் போனது, அவளுக்காக ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட. பல்லைக் கடித்துக்கொண்டேன். தாடை வலித்தது. பந்தலுக்கு வெளியே ஒரு பஸ் போனது, தூசி அடங்கியது. அவள் பேசவில்லை. அந்த மௌனத்தில் என்ன இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். எனக்குத் தெரியாது.

பின்னால் நின்றவர் பொறுமை இழந்து என் தோளைத் தொட்டார். "அம்மா சரின்னுட்டாங்க சாமி. எழுந்திருங்க, நாங்களும் பாக்கணும்."

நான் திரும்பினேன். "அவ இன்னும் சொல்லலைங்க" என்றேன்.

வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. நான் எழுந்திருக்கவில்லை. மறுபடி இந்தப் பக்கம் திரும்பியபோது, அவள் மாலையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.